டிரெயினிங் கான்ட்ராக்ட் இல்லாமல் பார்த்த வேலை சொலிசிட்டர் பயிற்சிக் கணக்கில் சேருமா?

கேள்வி கேட்டவர்: கோப்புக்கட்டு

வணக்கம். இங்கிலாந்தில் சட்டம் படித்து முடித்துவிட்டு ஒரு சின்ன சொலிசிட்டர் (வழக்கறிஞர்) அலுவலகத்தில் 14 மாதம் முழுநேரப் பாராலீகலாக, அதாவது சட்ட வேலைகளில் உதவும் ஊழியராக, இருந்தேன். முழுக்க வீடு வாங்கும் விற்கும் வேலைதான். வீட்டைப் பற்றி விசாரித்து வாங்கும் சர்ச் முடிவுகளைப் படித்துக் குறிப்பெழுதுவது, எதிர்த்தரப்பு சொலிசிட்டருக்குக் கேள்விகள் அனுப்புவது, கம்ப்ளீஷன் அன்று (வீடு கைமாறும் நாள்) காலையிலிருந்து பணம் வந்துவிட்டதா என்று போனும் கையுமாக உட்கார்ந்திருப்பது என்று எல்லாம் செய்தேன். என்னை மேற்பார்த்த சொலிசிட்டர் நடுவில் வேறு இடத்துக்குப் போய்விட்டார். நான் விலகும்போது இந்த 14 மாதத்தைத் தகுதிப் பணி அனுபவமாக (எல்லாரும் சொல்லும் க்யூ.டபிள்யூ.இ.) உறுதிசெய்து தரும்படி முதலாளியிடம் கேட்டேன், அவரும் சொலிசிட்டர்தான். "உனக்கு டிரெயினிங் கான்ட்ராக்டே தரவில்லையே, எதற்குக் கையெழுத்து?" என்று சொல்லிவிட்டார். சொலிசிட்டர் ஆவதற்காக ஒரு நிறுவனம் தரும் இரண்டு வருடப் பயிற்சி ஒப்பந்தத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்.

இப்போது ஒரு சட்ட உதவி மையத்தில் வாரம் 2 நாள் சம்பளமில்லாமல் போகிறேன், 5 மாதம் ஆகிறது. சொலிசிட்டர் ஆவதற்கான தேர்வான எஸ்.க்யூ.இ. இன்னும் எழுதவில்லை. அந்த 14 மாதம் போனதுதானா? டிரெயினிங் கான்ட்ராக்ட் கிடைத்தால்தான் மறுபடி ஆரம்பிக்க முடியுமா? யோசித்து யோசித்துத் தூக்கமே போய்விட்டது.

பதில் 1: இரண்டாம்மாடி

போகவில்லை. முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள்.

உங்கள் முதலாளி பழைய விதியை மனதில் வைத்துப் பேசுகிறார். 2021 செப்டம்பர் 1-ல் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஸ்.ஆர்.ஏ. புது முறையைக் கொண்டுவந்தது. பட்டம் அல்லது அதற்கு ஈடான தகுதி, எஸ்.க்யூ.இ. தேர்வின் இரண்டு பாகம், இரண்டு வருடத் தகுதிப் பணி அனுபவம், அப்புறம் நன்னடத்தைச் சோதனை. இவ்வளவுதான் கேட்கிறார்கள். அந்த இரண்டு வருடத்துக்கு டிரெயினிங் கான்ட்ராக்ட் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. பாராலீகல், சட்ட உதவி மையம், பல்கலைக்கழக லீகல் கிளினிக் எதுவும் சேரும், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும். அதிகபட்சம் நான்கு நிறுவனங்கள், மொத்தம் இரண்டு வருட முழுநேர வேலைக்கு ஈடாக வர வேண்டும், அவ்வளவே. தேர்வுக்கு முன்னால் செய்ததா பின்னால் செய்ததா என்றும் பார்ப்பதில்லை.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 14 மாதம் முழுசாக. வாரம் 2 நாள் என்றால் ஐந்தில் இரண்டு பங்கு, அப்படி 5 மாதம் போனது 2 மாதத்துக்குச் சமம். ஆக 16 மாதம் கையில் இருக்கிறது, மீதி 8 மாதம்தான். நிறுவனக் கணக்கிலும் இரண்டுதான் ஆகியிருக்கிறது, இன்னும் இரண்டுக்கு இடமுண்டு.

நானும் பாராலீகலாக இருந்தே வந்தவன். மூன்று வருடம் டிரெயினிங் கான்ட்ராக்டுக்கு விண்ணப்பம் போட்டுப் போட்டு அலுத்துப்போன பிறகுதான் இப்படி ஒரு வழி இருப்பதையே கவனித்தேன், அதனால்தான் இதைப் பற்றி யார் கேட்டாலும் நீளமாக எழுதிவிடுகிறேன்.

பதில் 2: நீலமை

நான் ஒரு நிறுவனத்தில் இந்த உறுதிப்படுத்தலைச் செய்து கொடுக்கும் சொலிசிட்டர். மேலே சொன்னது சரி. கையெழுத்து விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், சிக்கல் அங்கேதான் வருகிறது.

உறுதிசெய்பவர் உங்களுக்குத் திறமை இருக்கிறது என்று சான்று தருவதில்லை. அதைத் தேர்வு பார்த்துக்கொள்ளும். அவர் சொல்ல வேண்டியது மூன்றே விஷயம்: எவ்வளவு காலம் என்ன வேலை செய்தீர்கள், சொலிசிட்டருக்கான திறன்களில் சிலவற்றையாவது (குறைந்தது இரண்டு) வளர்த்துக்கொள்ள அதில் வாய்ப்பு இருந்ததா, உங்கள் நடத்தையில் கேள்வி எழும்படி ஏதாவது நடந்ததா. இவை பொருந்தும்போது, "நாங்கள் கான்ட்ராக்ட் தரவில்லை" என்பது மறுக்கக் காரணமே ஆகாது. எஸ்.ஆர்.ஏ.வின் வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது.

உங்களை மேற்பார்த்தவரே கையெழுத்திட வேண்டும் என்பதும் இல்லை. அந்த அலுவலகத்தின் காம்ப்ளையன்ஸ் அதிகாரி (விதிகள் பின்பற்றப்படுவதைப் பார்ப்பவர்) செய்யலாம், அங்கே இருக்கும் வேறு எந்த சொலிசிட்டரும் செய்யலாம். உள்ளே அப்படி யாருமே இல்லாத இடம் என்றால்தான் வெளியே இருக்கும் சொலிசிட்டரிடம் போக முடியும், அதுவும் உங்கள் வேலையை நேரில் அறிந்தவராகவும் மேற்பார்த்தவரிடம் கருத்துக் கேட்டவராகவும் இருக்க வேண்டும்.

ஆகவே முதலாளிக்கு மறுபடி எழுதுங்கள், இந்த முறை சண்டையாக இல்லாமல் ஆதாரத்தோடு. என்னிடம் ஒருவர் வந்தார், முன்பு எங்களிடம் இருந்தவர்தான், நான் அவரோடு நேரடியாக வேலை செய்ததே இல்லை. ஒரு எக்செல் தாள் கொண்டுவந்தார். ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு வரி: எந்தக் கோப்பு, என்ன வரைந்தேன், யார் திருத்தினார், என்ன கற்றேன். ஓர் இடத்தில் "லீஸில் கிரவுண்ட் ரென்ட் (நில வாடகை) பத்து வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாவதை நான் கவனிக்கவில்லை, மேற்பார்வையாளர் சுட்டிக்காட்டினார், அன்றிலிருந்து ரென்ட் பகுதியை முதலில் படிக்கிறேன்" என்று எழுதியிருந்தார். கோப்பை எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

உங்கள் தாளில் கட்சிக்காரர் பெயர், முகவரி எதுவும் வரக்கூடாது. கோப்பு எண் போதும். இரகசியம் காப்பதும் நீங்கள் காட்டும் திறன்களில் ஒன்றுதான்.

பதில் 3: பழையமேசை

நான் 1980-களில் ஆர்ட்டிகிள்ட் கிளார்க்காக (அன்றைய பயிற்சி சொலிசிட்டர்) இருந்தவள், அதனால் உன் முதலாளியின் மனம் எனக்குப் புரிகிறது தங்கச்சி. அந்தக் காலத்தில் ஒரு பிரின்சிபலோடு (பயிற்சி தரும் சொலிசிட்டர்) பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு அவர் நிழலில்தான் வளர வேண்டும். 1728-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 5 வருடம் என்று தொடங்கிய வழக்கம் அது, ஒரு காலத்தில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வீட்டார் பிரின்சிபலுக்குப் பணமும் கட்டினார்கள். 1990-களில்தான் பெயர் டிரெயினிங் கான்ட்ராக்ட் என்று மாறியது. ஒருவர் மனது வைத்தால்தான் கதவு திறக்கும் என்ற நிலைமை மட்டும் அப்படியே இருந்தது.

அதில் ஒரு நல்லதும் இருந்தது. என் பிரின்சிபல் நான் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் சிவப்பு மையில் திருத்தித் திருப்பித் தருவார். இப்போது பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளை இரண்டு வருடம் ஸ்கேன் எடுக்க மட்டும் வைத்திருக்கும் இடங்களும் உண்டு. மீதி 8 மாதத்துக்கு இடம் தேடும்போது, உன் எழுத்தை யார் திருத்துவார்கள் என்று நேர்காணலிலேயே கேள்.

பதில் 4: வரைவுநகல்

விதி எல்லாம் சரி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. தகுதி கிடைப்பது வேறு, வேலை கிடைப்பது வேறு. பெரிய நிறுவனங்கள் இன்னும் தாங்களே இரண்டு வருடம் துறை துறையாக மாற்றிப் பயிற்சி கொடுத்த ஆட்களைத்தான் பெரும்பாலும் எடுக்கின்றன. 14 மாதமும் வீடு வாங்கும் விற்கும் வேலை மட்டும் என்றால் மீதி 8 மாதத்தை வழக்கு நடத்தும் இடத்தில் செய்யப் பாருங்கள், எஸ்.க்யூ.இ. இரண்டாம் பாகத்துக்கும் உதவும். அந்தப் பாகத்தில் 16 செய்முறைச் சோதனைகள், அதில் 4 வாய்மொழி. கட்சிக்காரரை நேர்கண்டு பேசிய பழக்கம் இல்லாமல் போனால் திணறுவீர்கள்.

தேர்வுக்கும் அவசரப்படாதீர்கள். இரண்டு பாகத்துக்கும் சேர்த்து ஏறத்தாழ 5,000 பவுண்டு ஆகிறது. ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று முறைதான் வாய்ப்பு, முதல் முறை எழுதியதிலிருந்து ஆறு வருடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

கேள்வி கேட்டவர்: கோப்புக்கட்டு

எல்லாருக்கும் மிக்க நன்றி. பழையமேசை அக்கா, சட்ட உதவி மையத்தில் என் கடிதங்களைத் திருத்தித் தருகிறார்கள், அதனால்தான் சம்பளமில்லாமலும் போகிறேன். நீலமை, என்னிடம் வாரக் குறிப்பு எதுவும் இல்லை, அந்த அலுவலக மெயிலும் மூடியாகிவிட்டது. ஞாபகத்திலிருந்து எழுதலாமா?

பதில் 5: நீலமை

எழுதலாம், ஆனால் ஞாபகத்திலிருந்து எழுதியது என்று தாளின் தலையிலேயே சொல்லிவிடுங்கள். மாதவாரியாக, நினைவில் உறுதியாக இருப்பதை மட்டும். கோப்பு எண் நினைவில்லை என்றால் எந்த மாதிரி வேலை, ஏறக்குறைய எந்த மாதம் என்று போட்டால் அவர்கள் கோப்பைத் தேடிச் சரிபார்ப்பார்கள். விலகிப் போன மேற்பார்வையாளருக்கும் ஒரு நகல் அனுப்பி, சரி என்று இரண்டு வரி எழுதி வாங்கி அதோடு இணையுங்கள்.

சட்ட உதவி மையத்தின் 5 மாதத்தை இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகப் பதிவு செய்யலாம், இரண்டு வருடம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உங்கள் வேலையைப் பார்த்த சொலிசிட்டர் அங்கே இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.