தடுப்பூசியில் தமிழ்நாடு நடுவில் ஏன் இறங்கியது?

முதுநகர் அம்மா:
வணக்கம். என் பையனுக்குப் பதினோரு மாதம். பிறந்த வீடு பாகூர் பக்கம், புகுந்த வீடு கடலூர் முதுநகர். பிரசவம் புதுச்சேரியில், முதல் ஊசிகளும் அங்கேதான். மூன்றாம் மாதம் இங்கே அழைத்து வந்தார்கள். தடுப்பூசி அட்டை அம்மா வீட்டிலேயே தங்கிவிட்டது. ஐந்து நோய்களுக்குச் சேர்த்துப் போடுகிற பென்டா ஊசியின் மூன்றாவது தவணையை இரண்டு மாதம் தள்ளிப்போய்த்தான் போட்டேன். ஒன்பதாம் மாத தட்டம்மை-ரூபெல்லா ஊசி சளி, காய்ச்சல் என்று இன்னும் போடவில்லை. மனசு உறுத்துகிறது. முதலில் இருந்து போட வேண்டுமா?

இதைத் தேடியபோது தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் எண்களைப் பார்த்தேன். எல்லா ஊசியும் போட்ட குழந்தைகள் தமிழ்நாட்டில் 1998-99இல் 88.8 சதவீதம், 2005-06இல் 80.9, 2015-16இல் 69.7, பிறகு 2019-21இல் 89.2. பீகார் 2005-06இல் 32.8இல் இருந்து 71க்கு வந்திருக்கிறது. அவர்கள் ஏறிக்கொண்டிருந்தபோது நாம் ஏன் இறங்கினோம்? என்னைப் போன்றவர்கள் அசட்டையாக இருந்ததாலா?

பண்ருட்டிக்காரன்:
வாட்ஸ்அப் வதந்திதான் காரணம். பள்ளிக்கூடத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லா அம்மைக்கும் சேர்த்து ஊசி போட வந்தபோது என் அக்காவே பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டார்.

ஓய்வு பெற்ற செவிலியர்:
தம்பி, நீங்கள் சொல்வது நடந்ததுதான். ஆனால் அந்த முகாம் 2017 பிப்ரவரியில். 69.7 என்ற எண் 2015-16இல் எடுத்தது. அதற்கு முன்பே விழுந்துவிட்டது.

நான் பரங்கிப்பேட்டை, புவனகிரி பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். 2005லேயே கொஞ்சம் குறைந்திருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பெரிய அடி 2008 ஏப்ரலில் விழுந்தது என்பதுதான் என் எண்ணம். திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்துபோனார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது. அதற்குப் பிறகு ஊருக்குள் போய் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். டாக்டர் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்று ஆயிற்று. அந்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிட வேண்டும். அதில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அதுவரை புதன்கிழமையானால் ஐஸ் பேக் வைத்த பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பால்வாடிக்குப் போவேன். தாய்மார் பாதி சமையலில் எழுந்து வந்து போட்டுக்கொண்டு போவார்கள். அப்புறம் அவர்கள் என்னைத் தேடி வர வேண்டியதாயிற்று. வெள்ளாற்றங்கரை ஊர்களில் இருந்து இரண்டு பஸ் மாற வேண்டும். நடவு நாளில் வந்தால் அன்றைய கூலி போச்சு. கூடவே ஒரு மூன்று வயதுப் பிள்ளை இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வர வேண்டும். காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி விட்டுப்போகாது, பிரசவம் ஆன இடத்திலேயே போட்டுவிடுவார்கள். விட்டுப்போவது மூன்றாவது தவணையும் ஒன்பதாம் மாத ஊசியும்தான். பி.சி.ஜி., மூன்று போலியோ, மூன்று முத்தடுப்பு அல்லது பென்டா, ஒரு தட்டம்மை, இவ்வளவும் இருந்தால்தான் அந்தக் கணக்கில் குழந்தை சேரும். ஒன்று விட்டாலும் சேராது. ஊசியே வேண்டாம் என்று கதவைச் சாத்திய தாய்மாரை என் சர்வீஸில் விரல் விட்டு எண்ணிவிடலாம். மறுபடி ஊருக்குள் போட ஆரம்பித்த பிறகு அதே தாய்மார்தான் வந்தார்கள். அதனால் அசட்டை என்று யாரையும் சொல்லாதீர்கள், உங்களையும் சேர்த்து.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். முதலில் இருந்து போட வேண்டியதே இல்லை. விட்ட இடத்தில் இருந்து தொடரலாம். லேசான சளி இருந்தாலும் தட்டம்மை-ரூபெல்லா போடலாம், கடுமையான காய்ச்சலுக்குத்தான் தள்ளிப்போடுவோம். அன்றே வைட்டமின் ஏ மருந்தும் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். ஒரு வயது முடிவதற்குள் போட்டுவிடுங்கள்.

பாகூர் தாத்தா:
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். புதுச்சேரி ஆஸ்பத்திரிகளில் கடலூர், விழுப்புரம் பெண்கள் நிறையப் பேர் பிள்ளை பெறுகிறார்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் பார்த்தால் அந்த ஊசிகள் புதுச்சேரிக் கணக்கில் ஏறும். வீடு வீடாக எடுக்கிற கணக்கெடுப்பில் குழந்தை இருக்கிற ஊரில் ஏறும். அட்டை இல்லை என்றால் தாய் ஞாபகத்தில் சொல்வதை எழுதிக்கொள்வார்கள். இரண்டு ஊரை ஒப்பிடுகிறவர்கள் எந்தக் கணக்கு என்று பார்த்துக்கொள்ள வேண்டும். என் பேத்தி பிறந்தது இங்கே, வளர்வது நெல்லிக்குப்பத்தில். அட்டையை நகல் எடுத்து இரண்டு வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

முதுநகர் அம்மா:
நன்றிம்மா, படித்துவிட்டு அழுதுவிட்டேன். தாத்தா, அட்டையைத் தம்பி இன்று சாயங்காலம் எடுத்து வருகிறான், நகலும் எடுத்துவிடுகிறேன். நாளை புதன்கிழமை. காலையிலேயே கிளம்புகிறேன்.