புதுப்பிப்பு: சில்வர் பீச்சில் ஓடும் பையன், இப்போ முகம் தெரியுது

அக்கா பையன் என்னை நோக்கி ஓடி வரும்போது எடுத்த ஃபோட்டோல முகம் மங்கி, பின்னால் அலை மட்டும் பளிச்சுனு விழுதுன்னு போன வாரம் கேட்டிருந்தேனே, குத்தம் லென்ஸ்ல இல்லைங்க. கேமராவை ஒன்-ஷாட்ங்கிற ஃபோகஸ் மோடுலேயே வச்சிருந்திருக்கேன்! ஒருதரம் ஃபோகஸ் பூட்டிட்டா, பையன் நாலடி முன்னால வந்தாலும் அது நகராது.

நீங்க சொன்னபடி ஏஐ செர்வோ (நகர்ற ஆள் கூடவே ஃபோகஸும் நகர்ற மோடு), கூடவே கண் கண்டறிதல், ஷட்டர் 1/1000 நொடி. இன்னிக்குக் காலைல பத்துப் படத்துக்கு ஏழு தேறிச்சு.

மீதி மூணு? குறுக்கே ஒருத்தர் நடந்துபோனார், ஃபோகஸும் அவர் பின்னாடியே கிளம்பிடுச்சு. டிராக்கிங் சென்சிட்டிவிட்டியை (குறுக்கே யாராவது வந்தா ஃபோகஸ் எவ்வளவு சீக்கிரம் அவங்க மேல தாவணும்ங்கிற செட்டிங்) மைனஸ் 2-க்கு இறக்கினதும் கேமரா பையனை விடாம பிடிச்சுக்குது.

காலை வெயில் கடல் பக்கத்திலிருந்து அடிக்கிறதால எதிர்வெளிச்சத்துல இன்னும் தடுமாறுது. சாயங்காலம் போகணும். சுண்டல் வாங்கித் தந்தாத்தான் ஓடுவானாம்.