காலப்பயணம்: கணக்கு இடம் கொடுத்தால் போதுமா?

பொருநைக்கரையான்:
கொக்கிரகுளம் அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே ஒருவர் காலப்பயணம் எல்லாம் வெறும் புருடா என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார், எனக்கு மனசு கேட்கவில்லை. 1949-லேயே குர்ட் கோடல் என்ற கணித மேதை ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். அண்டம் முழுக்கச் சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கும் ஒருவர் தன் கடந்த காலத்தில் போய் நிற்கும் பாதை அதில் இருக்கிறது. ஐன்ஸ்டைன் அதைத் தூக்கி எறியவில்லை, இயற்பியல் காரணங்களால் இதை விலக்க வேண்டுமா என்று பார்ப்பது சுவாரசியமாக இருக்கும் என்றுதான் எழுதினார். அவரே சாத்தாத கதவை நாம் ஏன் சாத்த வேண்டும்?

வள்ளியூர் வாத்தியார்:
அண்ணாச்சி, கோடலின் அண்டம் சுழலும், ஆனால் விரியாது. நம்முடையது விரிகிறது என்பது 1929-ல் ஹபிள் காட்டியது, மொத்தமாகச் சுழல்வதற்கோ இதுவரை சான்று இல்லை. ஆக அது வேறு ஏதோ அண்டத்தின் கணக்கு. மொட்டைமாடியிலிருந்து பந்தை எறிந்து எப்போது தரையைத் தொடும் என்று போட்டுப் பாருங்கள், இரண்டு விடை வரும், அதில் ஒன்று கழித்தல் குறியோடு நிற்கும், பதினொன்றாம் வகுப்புப் பையன்கூட அது நிஜத்தில் நடக்காத விடை என்று அடித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். எனக்குக் கோபம் வரக் காரணம் இருக்கிறது. 2011-ல் நியூட்ரினோ என்ற நுண்துகள் ஒளியை விட 60 நானோ நொடி முந்தி வந்துவிட்டது என்று ஒரு செய்தி வந்தது. சரியாகச் செருகாத ஒளியிழைக் கேபிள்தான் முக்கியக் காரணம் என்று அடுத்த வருடமே தெரிந்துவிட்டது. ஆனாலும் முதல் செய்தியை வைத்து எடுத்த காலப்பயணக் காணொளிகளை என் மாணவர்கள் இன்னும் கொண்டுவந்து நீட்டுகிறார்கள்.

களக்காட்டுப் பொண்ணு:
சார், கடந்த காலத்தை விடுங்கள், எதிர்காலப் பயணம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கல்லூரியில் நாங்கள் மேகக்கலம் செய்தோம், துகள் போன தடத்தை வெள்ளைக் கோடாகக் காட்டும் கருவி. கண்ணாடித் தொட்டியின் மேல்பக்கம் ஆல்கஹாலில் நனைத்த ஃபெல்ட் துணி, அடியில் உலர் பனி, அறையை இருட்டாக்கிப் பக்கவாட்டில் டார்ச் அடித்தோம். ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை. அப்புறம் அடித்தட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரு வெள்ளை இழை சர்ரென்று நேராக ஓடியது, வளைந்து தொங்கிக் கலைந்து போனது. அந்த மாதிரி நேர்க்கோடுகளில் பல, வானிலிருந்து வரும் மியூவான் என்ற துகள் போட்டவை. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடிதான். சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறக்கிறது, ஒளியின் வேகத்திலேயே வந்தாலும் 660 மீட்டர் போவதற்குள் பெரும்பாலானவை சிதைந்திருக்க வேண்டும். நம் கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் அதன் நேரம் மெதுவாக ஓடுகிறது, அதனால்தான் தரை வரைக்கும் வந்து சேர்கிறது.

ராதாபுரத்தான்:
இது பயணமா தங்கச்சி? அது எங்கேயும் தாவவில்லையே, மெதுவாக மூப்படைந்தது, அவ்வளவுதான். அதுவும் ஒரு துகள்.

களக்காட்டுப் பொண்ணு:
தாவினால்தான் பயணமா அண்ணே? ஒளியின் வேகத்தில் 99.5 சதவீதத்தில் போய்த் திரும்புகிறவருக்கு 1 வருடம் ஆகியிருந்தால் ஊரில் 10 வருடம் ஆகியிருக்கும். துகளுக்கு மட்டும் என்றும் சொல்ல முடியாது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் நம் கடிகாரத்தை விட நாளுக்குச் சுமார் 38 மைக்ரோ நொடி முந்தும், ஈர்ப்பு குறைந்த உயரத்தில் இருப்பதால். அதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பிழை 10 கிலோமீட்டர் அளவுக்குப் போய்விடும், பாளையங்கோட்டையில் நிற்கிற உங்களை ஃபோன் வேறு ஊரில் காட்டும்.

ராதாபுரத்தான்:
சரி, முன்னால் போவதை ஒத்துக்கொள்கிறேன். பின்னால் போக முடியும் என்றால் இதுவரை ஒருத்தராவது வந்திருக்க வேண்டாமா? 2009-ல் இயற்பியலாளர் ஹாக்கிங் காலப்பயணிகளுக்கென்றே விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகு அழைப்பை வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

பொருநைக்கரையான்:
அது எதையும் நிரூபிக்காது தம்பி. 1988-ல் மோரிஸ், தோர்ன், யுர்ட்செவர் மூவரும் எழுதிய புழுத்துளை (வெளியின் இரண்டு இடங்களை இணைக்கும் குறுக்குப் பாதை) வழியில், இயந்திரம் உருவான காலத்துக்கு முன்னால் போகவே முடியாது. இன்னும் யாரும் கட்டவில்லை, அப்புறம் எப்படி ஆள் வரும்?

வள்ளியூர் வாத்தியார்:
கட்டுவதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெறும் வெற்றிடத்தை விடவும் குறைந்த ஆற்றல் வேண்டுமே அண்ணாச்சி. காசிமிர் 1948-ல் சொன்ன விளைவில் அந்த வகை ஆற்றல் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு உலோகத் தகடுகளை மைக்ரோமீட்டர் அளவுக்கு நெருக்கினால்தான் அது அளக்கும்படி தெரியும், அதுவும் துளியூண்டு. ஆள் நுழைகிற புழுத்துளைக்கு அது எந்த மூலைக்கு? அதற்கும் மேலே, கடந்த காலத்துக்கே திரும்பும் பாதை, அதாவது கால வளையம், உருவாகப் போகும் தறுவாயில் வெற்றிடத்தின் அலைவுகள் ஆற்றலாகக் குவிந்து அதைக் கெடுத்துவிடும் என்று 1992-ல் ஹாக்கிங் வாதிட்டார்.

பொருநைக்கரையான்:
வாதிட்டார், நிரூபிக்கவில்லை. 1997-ல் கே, ரட்ஜிகோவ்ஸ்கி, வால்ட் மூவரும் கால வளையம் தொடங்கும் எல்லையில் ஹாக்கிங் பயன்படுத்திய முறையே செல்லாமல் போகிறது என்று காட்டினார்கள். அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல ஈர்ப்பையும் நுண்துகள்களின் குவாண்டம் விதிகளையும் சேர்க்கிற கோட்பாடு வேண்டும், அது நம் கையில் இல்லை. இல்லாத கோட்பாட்டின் பேரில் தீர்ப்பு எழுதாதீர்கள் என்கிறேன்.

வள்ளியூர் வாத்தியார்:
அது இரண்டு பக்கமும் வெட்டும் அண்ணாச்சி. நீங்களும் அதன் பேரில் நம்பிக்கை எழுத முடியாது. குவாண்டம் இயற்பியலில் காலம் வெளியே நின்று ஓடுகிற கடிகாரம், ஐன்ஸ்டைனிடம் அது வளைகிற பொருள். இரண்டையும் சேர்த்து 1967-ல் இயற்பியலாளர் டிவிட் எழுதிய சமன்பாட்டில் காலம் என்ற மாறியே காணாமல் போய்விட்டது. காலம் என்றால் என்ன என்றே முடிவாகாதபோது அதற்குள் போய்வருவதைப் பற்றி எதை வைத்துப் பேசுவது?

களக்காட்டுப் பொண்ணு:
எனக்கு அதை விடப் பெரிய புதிர் வேறு. பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கலாம். கருப்பட்டியைக் கரைத்தால் பதநீர் வராது, போன ஆவியும் பானைக்குத் திரும்பாது. ஆனால் ஒவ்வொரு மூலக்கூறின் இயக்க விதியும் பின்னோக்கி ஓட்டினாலும் அப்படியே செல்லும். ஒழுங்கு குலைந்த நிலைகள்தான் எண்ணிக்கையில் அதிகம், அதனால் குலைகிறது என்றார் இயற்பியலாளர் போல்ட்ஸ்மன், சரிதான். அப்படியென்றால் அண்டம் தொடங்கும்போது மட்டும் ஏன் அவ்வளவு ஒழுங்காக இருந்தது? இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

ராதாபுரத்தான்:
விதி பின்னோக்கியும் செல்லும் என்பதே முழுக்கச் சரியில்லையே. 2012-ல் பாபார் என்ற ஆய்வுக் குழு பி மீசான் என்ற துகள்களில் முன்னோக்கிய மாற்றமும் பின்னோக்கிய மாற்றமும் ஒரே வீதத்தில் நடக்கவில்லை என்று அளந்து காட்டியது.

களக்காட்டுப் பொண்ணு:
காட்டியது அண்ணே, ஆனால் அது துகள்களைச் சிதைய வைக்கும் வலுவற்ற விசையில் மட்டும் தெரிகிற வேறுபாடு. பானை கொதிப்பதிலும் நமக்கு நரை விழுவதிலும் அந்த விசைக்கு வேலையே இல்லை. ஆகவே தொடக்கத்து ஒழுங்கு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது, அதற்குப் பதில் சொல்லுங்கள்.