நாஸ் பெட்டியில் கிட்: புஷ் மட்டும் போகவில்லை, உதவுங்கள்

சாட்ஸ்வர்த்காரன்:
வணக்கம். வீட்டில் இரண்டு டிஸ்க் சைனாலஜி நாஸ் (நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) இருக்கிறது. கோயில் தமிழ் வகுப்புக்கு நானும் தங்கையும் ஒரு எழுத்துப் பயிற்சிச் செயலி எழுதுகிறோம். போன மாதம் அவள் பென்டிரைவில் கொண்டுவந்த கோப்பு என் இரண்டு நாள் வேலையை மேலெழுதி அழித்துவிட்டது. அதனால்தான் கிட், கோப்பு மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கருவி. நாஸ் ஃபோல்டரை இசட் டிரைவாக இணைத்து உள்ளே 'கிட் இனிட்' கொடுத்துக் களஞ்சியம் (அந்த வரலாறு சேரும் இடம்) போட்டேன். முதலில் களஞ்சியத்தின் உரிமையாளர் மேலேயே சந்தேகம் என்றது. விதிவிலக்கு சேர்த்துத் தாண்டினேன். இப்போது புஷ் செய்தால் (என் மாற்றங்களை அங்கே அனுப்பினால்), செக்-அவுட் ஆன, அதாவது கோப்புகளாக விரித்து வைத்த கிளையை (மாற்றங்களின் தொடரை) மாற்ற மாட்டேன் என்கிறது. என் வீடு, என் பெட்டி, என்னையே நம்பவில்லை!

டோங்காட் தம்பி:
அண்ணா, முதல் பிழை 2022-இல் வந்த பாதுகாப்பு. ஃபோல்டரின் உரிமையாளர் வேறு, கட்டளை கொடுப்பவர் வேறு என்றால் கிட் நின்றுவிடும். நெட்வொர்க் டிரைவில் அடிக்கடி அப்படித்தான் தெரியும்.
இரண்டாவது வேறு கதை. நீங்கள் போட்டது கோப்புகள் விரித்து வைத்த சாதாரணக் களஞ்சியம். புஷ் கிளையை நகர்த்தும், விரித்த கோப்புகள் பழையபடியே கிடக்கும். அந்தக் குழப்பம் வேண்டாமென்றுதான் மறுக்கிறது. நாஸில் 'பேர்' (bare, வெறும்) களஞ்சியம் போடுங்கள்: 'கிட் இனிட்' பின்னால் இரண்டு கோடு, பேர். அதில் வரலாறு மட்டும் இருக்கும்.

பீனிக்ஸ் அக்கா:
தம்பி சொன்னது சரி. ஆனால் இசட் டிரைவையே விட்டுவிடுங்கள். லோட் ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) உச்சத்தில் இருந்தபோது நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். புஷ் நடுவில் கரண்ட் போனது. மறுநாள் பார்த்தால், கிட் வரலாற்றைச் சேமிக்கும் ஆப்ஜெக்ட் கோப்பு ஒன்று பூஜ்ய பைட்! லேப்டாப்பில் முழு நகல் இருந்ததால் பிழைத்தேன். நாஸின் பேக்கேஜ் சென்டரில் 'கிட் சர்வர்' நிறுவி, உங்கள் இருவருக்கும் அனுமதி டிக் செய்து, எஸ்எஸ்ஹெச் (பாதுகாப்பான தொலை இணைப்பு) வழியாகப் போங்கள்.

சாட்ஸ்வர்த்காரன்:
அக்கா, எல்லாம் செய்தேன். கடவுச்சொல் ஏற்கிறது, அப்புறம் 'இது கிட் களஞ்சியமாகத் தெரியவில்லை' என்கிறது.

பீனிக்ஸ் அக்கா:
முகவரியில் என்ன எழுதினீர்கள்? ஃபோல்டர் பெயர் மட்டும் போதாது. 'வால்யூம்1' என்று தொடங்கி முழுப் பாதை வேண்டும், முன்னால் சாய்கோட்டோடு.

சாட்ஸ்வர்த்காரன்:
அதேதான்! 'வால்யூம்1' விட்டுப்போயிருந்தது. புஷ் போய்விட்டது, தங்கையும் இழுத்துப் பார்த்துவிட்டாள். இரண்டு டிஸ்க் இருக்கிறதே, தனியாக பேக்கப் வேண்டுமா?

டோங்காட் தம்பி:
வேண்டும் அண்ணா. இரண்டும் ஒன்றுக்கொன்று நகலாக அமைந்திருந்தால், ஒரு டிஸ்க் செத்தால் மற்றது காப்பாற்றும். நீங்களே அழித்தால் இரண்டிலும் அழியும். யூஎஸ்பி டிஸ்க் ஒன்றில் வாராவாரம் எடுத்து, தங்கை வீட்டில் வையுங்கள். சின்ன யூபிஎஸ் ஒன்றும் வாங்கிவிடுங்கள்.