சுபேதார் சுப்பிரமணியன் வாங்கியது விக்டோரியா கிராஸா, ஜார்ஜ் கிராஸா? திங்கட்கிழமைக்குள் தெரிய வேண்டும்

மாணவியின் அப்பா:
வணக்கம். எட்டாவது படிக்கும் என் மகள் பள்ளிக் கண்காட்சிக்காக சுபேதார் சுப்பிரமணியனைப் பற்றி சார்ட் போடுகிறாள். இரண்டாம் உலகப் போரில், இத்தாலியில், கண்ணிவெடி மேல் விழுந்து தன் ஆட்களைக் காப்பாற்றினாரே, அவர்தான். எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் பிரிட்டிஷ் அரசின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் என்று சொல்லி, சிவப்பு ரிப்பனும் வரைய வைத்துவிட்டேன். இப்போது பார்த்தால் ஜார்ஜ் கிராஸ் என்று போட்டிருக்கிறது. போரில் உயிரை விட்டவருக்கு ஏன் இரண்டாம் தரப் பதக்கம்? தேதியும் இடிக்கிறது. ஒரு இடத்தில் 1944 பிப்ரவரி 24, இன்னொரு இடத்தில் ஜூன் 30.

நாணயப்பெட்டி:
ஜார்ஜ் கிராஸ்தான். ரிப்பன் நீலம். சிலுவை வெள்ளி, நடுவில் குதிரை மேலிருந்து டிராகனைக் குத்தும் செயின்ட் ஜார்ஜ். விக்டோரியா கிராஸ் வெண்கலம். தேதி இரண்டும் சரி. பிப்ரவரி 24 அவர் இறந்த நாள், ஜூன் 30 பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் விருது வெளியான நாள்.

பழைய சப்பர்:
தம்பி, முதலில் அந்த 'இரண்டாம் தர'த்தை அழியுங்கள். வரிசையில் விக்டோரியா கிராஸுக்கு அடுத்த இடம் என்பது உண்மை, ஆனால் மற்ற எல்லாப் பதக்கங்களுக்கும் மேலே. வித்தியாசம் எதிரி எங்கே இருந்தான் என்பதில் இருக்கிறது. அதே இத்தாலியில், அதே 1944ல், மே மாதம், சிப்பாய் கமல் ராம் இயந்திரத் துப்பாக்கி நிலைகள் மேல் பாய்ந்து பிடித்தார். அது விக்டோரியா கிராஸ். சுப்பிரமணியன் மதராஸ் சப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையின் 11வது ஃபீல்டு பார்க் கம்பெனி, அது 4வது இந்திய டிவிஷனோடு இருந்தது. மான்டே காசினோ மலை மேல் இருந்த பழைய மடத்தின் மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டு ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதற்குத் தெற்கே மிஞ்ஞானோ என்ற ஊர்ப் பக்கம் கண்ணிவெடி எடுக்கும் வேலை. வெடி எதிரி வைத்தது, ஆனால் எதிரி எதிரில் இல்லை. அந்த மாதிரி வீரத்துக்காகத்தான் 1940ல் ஆறாம் ஜார்ஜ் இந்தச் சிலுவையை ஏற்படுத்தினார்.

மாணவியின் அப்பா:
நன்றி ஐயா. மகள் கேட்கிறாள்: மிதித்ததும் வெடித்துவிடாதா? மேலே விழ நேரம் ஏது?

பழைய சப்பர்:
கெட்டிக்காரப் பெண். ஜெர்மன்காரர்கள் வைத்ததில் ஒரு வகை உடனே வெடிக்காது. சில நொடி கழித்து இடுப்பு உயரத்துக்கு எம்பி, இரும்புக் குண்டுகளை நாலு பக்கமும் இறைக்கும். கூட இருப்பவர்கள் மொத்தமாகப் போவார்கள். சுப்பிரமணியன் மேலே விழுந்த வெடி எந்த வகை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மிதித்தது அவர் இல்லை, கூட இருந்த ஆள். இவர் நினைத்திருந்தால் தள்ளிப் படுத்திருக்கலாம்.

நாணயப்பெட்டி:
சார்ட்டில் 'அதிகாரி' என்று போட்டிருந்தால் மாற்றுங்கள். சுபேதார் அந்த நாளில் வைஸ்ராயின் கமிஷன் பெற்றவர், சிப்பாய்களுக்கும் முழு அதிகாரிகளுக்கும் இடைப்பட்ட பதவி, இன்றைய ஜேசிஓ (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) மாதிரி.

பழைய சப்பர்:
இன்னொன்று. மதராஸ் சப்பர்களுக்குப் படையில் பேரே 'தம்பி'தான். அவர்களுடைய பெங்களூர் பயிற்சி மையத்தில் இன்றும் அப்படித்தான். இடம் இருந்தால் போடுங்கள்.

மாணவியின் அப்பா:
போட்டாயிற்று. ரிப்பன் மேல் நீலத் தாள் ஒட்டிவிட்டோம். ஓரத்தில் கொஞ்சம் சிவப்பு தெரிகிறது, டீச்சர் கேட்டால் என் மேல் பழி போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.