மேக் மைனஸ் ஜே: மெஷின் உறைந்துபோன அனுபவம் உண்டா?

கருவேப்பிலை:
பழைய ஆபீசில் பில்டுக்கென்று ஒரே ஒரு சர்வர். 32 கோர், 64 ஜிபி ராம். டீம் முழுக்க எஸ்எஸ்ஹெச் போட்டு (தூரத்திலிருந்து உள்நுழைந்து) அதில்தான் வேலை. ஒருநாள் மதியம் யாரோ ஒரு புண்ணியவான் மேக் மைனஸ் ஜே (make -j; மேக் என்பது பில்டை நடத்தும் புரோகிராம், ஜேக்குப் பின் வரும் எண் ஒரே நேரத்தில் எத்தனை வேலை என்பது) என்று மட்டும் அடித்து, எண் போடாமல் என்டர் தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார். எண் இல்லாவிட்டால் மேக் வரம்பே இல்லாமல் எல்லா வேலையையும் ஒரே நேரத்தில் கிளப்பிவிடும் என்று இங்கே யாருக்கும் சொல்லவேண்டியதில்லை.

பிகில் (pkill, ப்ராசஸைக் கொல்லும் கட்டளை) போட்டு எல்லாவற்றையும் கொல்லலாம் என்று திறந்திருந்த டெர்மினலில் அடித்தேன். ஒரு எழுத்து வந்தது. அடுத்தது எப்போதோ வந்தது. நடுவில் ஒரு எழுத்து தப்பாக விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. பக்கத்து சீட்டில் டாப் (மெஷின் பாரத்தைக் காட்டும் கருவி) ஓடிக்கொண்டிருந்தது. லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் வேலைகளின் சராசரி எண்ணிக்கை) 400ஐத் தாண்டி அப்படியே நின்றுவிட்டது, அதில் காட்டும் கடிகாரமும் நின்றுவிட்டது. ஆனால் சிபியுவில் யூசர் பங்கு 10 சதவீதம்கூட இல்லை! சிபியு சும்மா இருக்கும்போது லோட் எப்படி 400 ஆகும்? இன்றுவரை உறுத்துகிறது.

இரவுக்குருவி:
லினக்ஸில் லோட் என்பது சிபியு கணக்கு மட்டும் இல்லை. டிஸ்குக்காகக் காத்து ‘டி’ நிலையில் கிடக்கும் ப்ராசஸையும் சேர்த்தே எண்ணும். உங்கள் ராம் தீர்ந்து, கம்பைலர் எல்லாம் ஸ்வாப்பிலிருந்து (ராம் போதாதபோது பயன்படும் டிஸ்க் இடம்) நினைவகப் பக்கம் வரும் என்று வரிசையில் நின்றிருக்கும். டாப்பில் ‘டபிள்யூஏ’ (டிஸ்குக்காகக் காத்த நேரம்) பங்கைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

என் கதை ஜென்டூ (எல்லாவற்றையும் நம் மெஷினிலேயே கம்பைல் செய்யும் லினக்ஸ்). 8 ஜிபி லேப்டாப்பில் கியூடி வெப்எஞ்சின் என்ற பெரிய பிரவுசர் லைப்ரரியைக் கம்பைல் போட்டேன். இரவு விட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் பார்த்தால் ‘கில்டு’ என்று சிசி1பிளஸ் (சி++ கம்பைலர்) செத்துக் கிடக்கிறது. கூடவே என் பிரவுசரையும் ஓஓஎம் கில்லர் (ராம் தீர்ந்தால் ப்ராசஸைக் கொல்லும் லினக்ஸ் ஏற்பாடு) கொன்றிருந்தது. அதுதான் கடுப்பு.

தட்டச்சு:
இதற்கெல்லாம் ஏன் புலம்பல்? மைனஸ் எல் என்று ஒன்று இருக்கிறதே. மைனஸ் ஜே 32, மைனஸ் எல் 32. லோட் அந்த அளவைத் தொட்டதும் மேக் புது வேலையைத் தொடங்காது. நிஞ்சாவிலும் (இன்னொரு பில்ட் கருவி) உண்டு, ஜென்டூவில் எமர்ஜுக்கும் (பேக்கேஜ் நிறுவும் கட்டளை) லோட் ஆவரேஜ் ஆப்ஷன் தனியாக உண்டு. அது முக்கியம், ஏனென்றால் எமர்ஜில் ஜாப்ஸ் 4, மேக்ஆப்ட்ஸில் (மேக்குக்குப் போகும் ஆப்ஷன்கள்) ஜே 8 என்றால் இரண்டும் பெருக்கி 32 வரைக்கும் போகும். நைஸ் 19 வையுங்கள், சிபியுவில் கடைசி முன்னுரிமை. ஐஓநைஸில் ஐடில் வையுங்கள், டிஸ்கிலும் அப்படியே. டெம்ப் அடைவை டிஎம்பிஎஃப்எஸ்ஸில் வைத்தால் டிஸ்கே தொடவேண்டாம். சிசிகேஷ் (முன்பு கம்பைல் செய்ததை மறுபடி பயன்படுத்தும் கருவி) போடுங்கள். என் மெஷினில் ஒருநாளும் பிரச்சினை வந்ததில்லை.

இரவுக்குருவி:
@தட்டச்சு, ராம் இல்லாதவனுக்கு டிஎம்பிஎஃப்எஸ் யோசனையா? அது ராமிலிருந்துதானே போகிறது! மைனஸ் எல்லும் அப்படித்தான். 4.4க்கு (2022) முந்தைய மேக் பார்ப்பது ஒரு நிமிட சராசரி. சராசரி ஏறுவதற்குள் எல்லா வேலையும் கிளம்பிவிடும். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொட்டும், லோட் இறங்கியதும் மறுபடி மொத்தமாகப் பாயும். 4.4லிருந்து லினக்ஸில் அந்த நொடியில் ஓடத் தயாராக இருப்பவற்றை எண்ணுகிறது, அது தேவலை. ஆனால் எந்த வெர்ஷனும் ராமைப் பார்ப்பதில்லை. சி++க்கு வேலைக்கு 2 ஜிபி என்று வைத்து ராமை வகுத்து, வரும் எண், கோர் எண்ணிக்கை இரண்டில் எது குறைவோ அதைப் போடுவதுதான் கணக்கு.

நூல்கண்டு:
எனக்குக் கம்பைல் எல்லாம் ஒழுங்காக முடிந்தது, லிங்கில்தான் (கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கட்டம்) மாட்டியது. எல்எல்விஎம் (கம்பைலர் தொகுப்பு) டீபக் பில்ட். 98 சதவீதம் வரை வந்து, ஏழெட்டு எல்டி (லிங்கர்) ஒரே நேரத்தில் கிளம்பியது. ஒவ்வொன்றும் பல ஜிபி. மவுஸ் அசையவில்லை, கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் எரிந்து அணைந்தது. சிமேக்கில் (பில்டை அமைக்கும் கருவி) லிங்க் வேலைக்கு மட்டும் வரம்பு வைக்க எல்எல்விஎம்மிலேயே ஆப்ஷன் இருக்கிறது என்று பிறகு ஒருவர் சொன்னார். 2 வைத்தேன், முடிந்தது.

கட்டெறும்பு:
டாக்கர்காரர்கள் கவனம். எங்கள் சிஐ (தானியங்கி பில்ட்) ஸ்கிரிப்டில் மைனஸ் ஜேக்கு என்ப்ராக் (எத்தனை கோர் என்று சொல்லும் கட்டளை) கொடுத்திருந்தார்கள். கன்டெய்னருக்கு (டாக்கரில் தனியாகப் பிரித்து ஓட்டும் சூழல்) 4 சிபியு கோட்டா, அதைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினில் 64. அந்த என்ப்ராக் 64 என்றே சொன்னது, கோட்டாவைக் கண்டுகொள்ளவே இல்லை. உள்ளே தெரியும் லோட் ஆவரேஜும் ஹோஸ்டுடையதுதான். மைனஸ் எல் போட்டால் பக்கத்துக் கன்டெய்னர் பாரத்துக்கு உங்கள் பில்ட் படுத்துக்கொள்ளும்.

கருவேப்பிலை:
சரி, டி நிலை விளக்கத்துக்கு நன்றி. ஆனால் 2 ஜிபி கணக்கில் 64க்கு 32 வருகிறது. ஆறு பேர் ஆளுக்கு 32 போட்டால்? அன்று என் மண்டையில் ஓடியது அதுதான். ஒருவர் ஒழுங்காக இருந்து என்ன பயன்?

இரவுக்குருவி:
அதற்கு மேக்கை நம்பாதீர்கள். சிஸ்டம்டியில் (லினக்ஸில் சேவைகளை நிர்வகிப்பது) யூசர் ஸ்லைஸ் (ஒரு யூசரின் ப்ராசஸ் கூட்டம்) எல்லாவற்றுக்கும் பொதுவாக மெமரி மேக்ஸ் வைக்கலாம். ஆளுக்கு 10 ஜிபி என்று வைத்தால், எண் போடாதவரின் கம்பைலர் மட்டும் சாகும். உங்கள் எஸ்எஸ்ஹெச் நிற்காது.

தட்டச்சு:
இல்லாவிட்டால் ராம் கூட்டிப் போடுங்கள்.