பேண்டன் டியூன்ஸில் எந்த மைதானத்தை எப்போது ஆடலாம்? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

கடற்காகம்:

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையில் இருக்கும் பேண்டன் டியூன்ஸ் கோல்ஃப் ரிசார்ட்டுக்குப் போய்வந்தவர்களிடம் எல்லாரும் கேட்பது, "ஐந்து பெரிய மைதானத்தில் எது பெஸ்ட்?" என்றுதான். ஆடிப் பார்த்தபின் எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப் படவில்லை. எதை, எந்தக் காற்றில், எந்த வரிசையில் ஆடுகிறோம் என்பதுதான் அங்கே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது.

முதல் விஷயம், வண்டி கிடையாது. உடல்நலக் காரணம் இருப்பவர்களுக்கு மட்டும் விதிவிலக்கு, மற்ற எல்லாரும் நடைதான். 18 குழிகளை (ஹோல்) ஆடி முடிக்கும் ஒரு ரவுண்டுக்கு 6, 7 மைல் ஆகிவிடும், அதுவும் மணல்மேட்டில் ஏறி இறங்கி. ஒரே நாளில் இரண்டு ரவுண்டு புக் செய்துவிட்டு, சாயங்காலம் ரூம் படியேறும்போது கைப்பிடியைத் தேடுகிறவர்களை நிறையப் பார்க்கலாம்.

அடுத்தது காற்று. கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும், மதியத்துக்கு மேல் வலுக்கும். குளிர்காலத்தில் மழையைக் கூட்டிக்கொண்டு தெற்கிலிருந்து வரும். ஐந்தில் ஒன்றான பசிபிக் டியூன்ஸில் 4ஆவது ஹோல் கடலோர மேட்டின் விளிம்பை ஒட்டித் தெற்கு நோக்கிப் போகிறது, கடல் வலப்பக்கம். பின் டீயிலிருந்து (முதல் அடியைத் தொடங்கும் இடங்களில் மிகப் பின்னால் உள்ளது) 460 யார்டு சொச்சம். கோடைக் காற்று முதுகைத் தள்ளுவதால் இரண்டாவது அடிக்கு ஒரு குட்டி அயர்ன் (குறைந்த தூரத்துக்கான இரும்பு மட்டை) போதும். 13ஆவது அதற்கு நேரெதிர்: வடக்கு நோக்கி, கடல் இடப்பக்கம், காற்று முகத்தில். நீளம் சற்றுக் குறைவுதான், ஆனால் டிரைவரையும் ஃபேர்வே வுட்டையும் (நீண்ட தூர மட்டைகள்) நன்றாக அடித்த பிறகும் கிரீன் (குழியும் கொடியும் உள்ள மழித்த புல்தரை) இன்னும் முன்னால் இருந்தது. டிசம்பரில் போன நண்பர் இதே இரண்டு ஹோலையும் அப்படியே மாற்றிச் சொல்கிறார்.

அதே மைதானத்தில் 10, 11 இரண்டும் அடுத்தடுத்து பார் 3 (மூன்று அடியில் முடிக்க வேண்டிய ஹோல்). 11ஆவது 150 யார்டுகூட இல்லை. நான் 9 அயர்னை உருவப் போனேன், கேடி (மட்டைப்பையைச் சுமந்து வழிகாட்டுபவர்) இன்னும் தூரம் போகும் 7 அயர்னை நீட்டினார். "பாதி வீச்சு போதும், பந்து உயர எழும்பக் கூடாது" என்றார், வேறு விளக்கம் எதுவும் இல்லை. தாழ்வாகப் போன பந்து கிரீனுக்கு முன்னாலேயே விழுந்து, இரண்டு துள்ளு துள்ளி மேலே ஏறி உட்கார்ந்தது. கூட வந்தவர் அழகாக உயரத் தூக்கி அடித்தார். அது எங்கே போனதென்று கேடியும் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

எல்லாரும் பசிபிக்கைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். 2001இல் டாம் டோக் வடிவமைத்தது, தகுதியான புகழ்தான். ஆனால் என் ஓட்டு ஓல்ட் மக்டொனால்டுக்கு. 2010இல் அதே டோக், ஜிம் அர்பினாவுடன் சேர்ந்து செய்தது. சார்லஸ் பிளேர் மக்டொனால்டு என்ற பழைய அமெரிக்க வடிவமைப்பாளர் ஸ்காட்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய இடங்களின் நல்ல ஹோல்களைத் தேடிப் பார்த்து அவற்றின் சூட்சுமத்தை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர். அவருக்கு மரியாதையாக இந்த மைதானத்தில் ஒவ்வொரு ஹோலும் அந்த வகையில் ஒன்று. 8ஆவது ஹோலின் கிரீன் குறுக்கே ஒரு பெரிய பள்ளம் ஓடுகிறது, உள்ளே நின்றால் இடுப்புக்குக் கீழே மறைந்துவிடுவோம் போலிருக்கும். கொடி அந்தப் பக்கம், என் பந்து இந்தப் பக்கம். புட்டரை (பந்தைத் தரையோடு உருட்டும் மட்டை) எடுத்து, கல்யாண வீட்டில் பந்தியின் அந்தக் கோடிக்குத் தண்ணீர் சொம்பைத் தள்ளிவிடுவதுபோல ஒரு தள்ளு தள்ளினேன். பந்து இறங்கி மறைந்து, ரொம்ப நேரம் கழித்து எதிர்க்கரையில் தலைகாட்டியது. மூன்று புட் ஆனாலும் சிரித்துக்கொண்டேதான் போனேன்.

12ஆவது ஹோலில் கொடியைப் பார்த்து அடிக்கவே கூடாது. கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கமாகச் சரிகிறது. வலப்பக்கம் போட்டுவிட்டால் மிச்ச வேலையைத் தரையே பார்த்துக்கொள்ளும். அடியில் முழுக்க மணல், மேலே ஃபெஸ்க்யூ புல், அதனால் தரை இறுக்கமாக இருக்கிறது. கிரீனிலிருந்து 40 யார்டு தள்ளி நின்றுகொண்டு புட்டரை எடுத்தாலும் அங்கே யாரும் ஒரு மாதிரி பார்ப்பதில்லை.

என் சிபாரிசு: முதலில் ரிசார்ட்டின் பெயரையே கொண்ட பேண்டன் டியூன்ஸ் மைதானம், 1999இல் முதலாவதாகத் திறந்தது. டேவிட் மக்லே கிட் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இருபதுகளின் வயதில் பெரிய பெயர் எதுவும் இல்லாதபோது இந்த வேலையைப் பெற்றவர். அந்த இடத்தின் இலக்கணம் அதில்தான் பிடிபடும். மற்ற மைதானங்களில், காலையில் ஷீப் ராஞ்ச், மதியம் காட்டுக்குள் இருக்கும் டிரெயில்ஸ். பசிபிக்கைக் கடைசிக்கு முந்தைய நாளுக்கு வையுங்கள். ஓல்ட் மக்டொனால்டை எப்போது வேண்டுமானாலும் ஆடலாம்.

மணல்மேடு:

சார், ஷீப் ராஞ்ச் விஷயத்தில் ஒத்துப்போக முடியவில்லை. காலையில் காற்று அடங்கியிருக்கும்போது அங்கே ஆடினால் அது பாதி மைதானம்தான். 2020இல் பில் கோர், பென் கிரென்ஷா இருவரும் அதை ஒரு பங்கர்கூட (பந்தைச் சிக்கவைக்கும் மணற்குழி) இல்லாமல் அமைத்தார்கள். காற்று மணலை வாரிக்கொண்டு போகும் இடத்தில் பங்கர் வைத்து என்ன பயன்? ஃபேர்வே (கிரீன் வரை போகும் புல்வழி) அகலம், கிரீன் பெரிசு, காற்றில்லாவிட்டால் எல்லாம் சுலபமாகத் தெரியும். மதியம் நாலு மணிக்குப் போங்கள். ஃபைவ் மைல் பாயின்ட் முனையில் 16ஆவது பார் 3, சுற்றிலும் கடல். நான் கிரீனுக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே குறிவைத்து அடித்தேன். அங்கே பந்தை அனுப்ப மனசு வருவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. பந்து வளைந்து வந்து சேர்ந்தது. காலையில் ஆடியிருந்தால் இது நடந்திருக்காது.

டிரெயில்ஸை "மதியம் ஒதுங்க ஒரு இடம்" மாதிரி எழுதியிருக்கிறீர்களே, அதுவும் நியாயமில்லை. கடலோரத்தில் ஒரு ஹோல்கூட இல்லை என்பதால் எல்லாரும் அதைக் கடைசியில் தள்ளிவிடுகிறார்கள். மணல்மேட்டில் ஆரம்பித்து, புல்வெளி, அப்புறம் பெரிய மரங்களுக்கு நடுவே போய், மறுபடி மணல்மேட்டுக்கே திரும்புகிறது. காட்டுக்குள் நுழைந்ததும் காதில் இரைச்சல் நின்றுபோகும். ஆனால் மர உச்சிக்கு மேலே காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கும், பந்து அந்த உயரத்துக்குப் போனதும் அதன் போக்கே மாறும். கீழே நிற்கிறவனுக்கு ஒரு இலைகூட அசையாது. கடலோரத்தைவிட இங்கேதான் காற்றை எடைபோடுவது கஷ்டம்.

14ஆவது ஹோலைப் பற்றி ஆளுக்கொரு கருத்து. சின்ன பார் 4, கொடுமையான கிரீன். எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் டிரெயில்ஸுக்குத்தான் முதலிடம் தருவேன்.

முழங்கால்:

நீங்கள் இரண்டு பேரும் கால் நல்லா இருக்கிறவர்கள், அதனால் வரிசை பற்றிச் சண்டை போடுகிறீர்கள். எனக்கு ஒரு நாளைக்கு ஒரு பெரிய ரவுண்டுதான் தாங்கும். மிச்ச நேரத்துக்குப் பிரிசர்வ் என்ற சின்ன மைதானம்.

2012இல் திறந்தது, 13 ஹோல், எல்லாமே பார் 3. 18 இருந்தே ஆக வேண்டும் என்று யாரும் பிடிவாதம் பிடிக்காததே எனக்குப் பிடித்திருந்தது. அதில் வரும் வருமானம் அந்தக் கடற்கரைப் பகுதியின் இயற்கைப் பாதுகாப்புக்குப் போகிறது. தோளில் நாலைந்து மட்டையை மட்டும் போட்டுக்கொண்டு போகலாம். 2024இல் ஷார்ட்டீஸ் என்று இன்னொன்றும் வந்திருக்கிறது, 19 ஹோல், அதுவும் முழுக்க பார் 3.

சாயங்காலமானால் பஞ்ச்பௌல். பசிபிக் டியூன்ஸ் கிளப் ஹவுஸ் பக்கத்தில் மேடும் பள்ளமுமான பெரிய புட்டிங் மைதானம், காசு கிடையாது. ஒவ்வொரு ஹோல் ஆரம்பத்திலும் டம்ளர் வைக்க ஒரு தாங்கி நட்டிருக்கிறார்கள். காலையில் ஸ்கோர்கார்டை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஆசாமிகள் அங்கே முன்பின் தெரியாதவர்களோடு பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புதிதாகப் போகிறவர்களுக்கு இன்னொன்று: மஞ்சள் பூ பூத்த கார்ஸ் முட்புதருக்குள் பந்து போனால் விட்டுவிடுங்கள். அழகாகத்தான் இருக்கும், கை வைத்தால் கிழிக்கும். எண்ணெய்ப் பசை உள்ள செடி, வெளிநாட்டிலிருந்து வந்தது. 1936இல் பேண்டன் ஊரையே எரித்த காட்டுத்தீ இந்தப் புதரால்தான் அவ்வளவு வேகம் பிடித்தது. கூட ஆடியவர் புத்தம்புதுப் பந்து என்று கையை விட்டார், அடுத்த மூன்று ஹோலும் முள் பிடுங்குவதிலேயே போனது.

கடற்காகம்:

மணல்மேடு, மர உச்சிக் காற்று பற்றிச் சொன்னது சரி, டிரெயில்ஸில் என் பந்துகள் ஏன் குட்டையாக விழுந்தன என்பது இப்போது புரிகிறது. ஆனால் ஷீப் ராஞ்ச் மதியம் நாலு மணிக்கு என்பதெல்லாம் ஹேண்டிகேப் (எண் குறைவானால் ஆட்டத்தில் கைதேர்ந்தவர்) 8, 10 உள்ளவர்கள் பேச்சு. 20க்கு மேல் இருப்பவர்கள் காலையிலேயே போங்கள். கடல் அப்போதும் அங்கேதான் இருக்கும்.

முழங்கால் சார், ஷார்ட்டீஸ் ஆடினீர்களா? பிரிசர்வோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.